ஜமைக்கா பாட்டுக்கு ஆட்டம்... ஆசியர்களுக்கு அடி! - பிரிட்டன் 'ஸ்கின்ஹெட்'களின் கதை

1969-ம் ஆண்டு. லண்டனில் ஒரு நடன அரங்கம். ஸ்பீக்கரில் ஜமைக்கா பாட்டு அதிர்கிறது. ஆடிக்கொண்டிருப்பவர்கள், முடியை ஒட்ட வெட்டிய வெள்ளைக்காரப் பையன்கள். பக்கத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் கறுப்பினப் பையன்கள். ஒரே பாட்டு, ஒரே ஆட்டம்.

ஆனால், அதே ஒட்ட வெட்டிய தலைக்காரர்களில் சிலர், தெருவில் தனியாக நடந்து வரும் பாகிஸ்தானியரைக் கண்டால் சுற்றி வளைத்து அடித்தார்கள்.

கறுப்பினத்தவரின் பாட்டைக் கொண்டாடியவர்கள், ஆசியர்களை ஏன் அடித்தார்கள்? பிரிட்டனின் 'ஸ்கின்ஹெட்' கலாசாரத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொழிலாளியின் பூட்ஸ்

1960-களின் தொடக்கத்தில் பிரிட்டன் இளைஞர்களைக் கலக்கியவர்கள் 'மாட்ஸ்'. பளபளப்பான சூட், ஸ்கூட்டர், இரவெல்லாம் நடனம் என்று வாழ்ந்தவர்கள். காலப்போக்கில் அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கையில் காசிருந்தவர்கள் நீண்ட முடி, பூப்போட்ட சட்டை என ஹிப்பி பாணிக்குப் போனார்கள். தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளைகள் நேர் எதிர்த் திசையில் நடந்தார்கள். முடியை ஒட்ட வெட்டினார்கள். கணுக்காலுக்கு மேல் மடித்த ஜீன்ஸ், தோளில் சஸ்பெண்டர் பட்டை, பென் ஷெர்மன் சட்டை, காலில் கனத்த பூட்ஸ்.

அந்த பூட்ஸுக்கும் ஒரு கதை உண்டு. நார்தாம்டன்ஷையரில் உள்ள வொலாஸ்டன் கிராமத்தில், 1960 ஏப்ரல் 1 அன்று முதல் டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸ் தயாரானது. விலை 2 பவுண்டு. தபால்காரர்களும் தொழிற்சாலை ஊழியர்களும் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதற்கான பூட்ஸ் அது. அப்பாவின் வேலை பூட்ஸ், மகனின் ஸ்டைல் ஆனது. 'நாங்கள் உழைக்கும் வர்க்கம்' என்று வாய் திறக்காமலே சொல்லும் உடை அது. பின்னாளில் கால்பந்து மைதான வாசலில் போலீஸார் லேஸைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அந்த பூட்ஸ் ஆயுதமாகவும் மாறியது தனிக்கதை.

பாட்டைக் கொடுத்தவர் யார்?

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அந்தக் கப்பலிலும் அதன்பிறகும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனில் குடியேறினார்கள். கூடவே அவர்களின் இசையும் வந்தது. முதலில் ஸ்கா, அடுத்து ராக்ஸ்டெடி, பிறகு ரெகே. ஜமைக்காவின் 'ரூட் பாய்' இளைஞர்களின் மிடுக்கைப் பார்த்து வெள்ளைக்காரப் பையன்களும் அப்படியே நடை பழகினார்கள்.

1969-ல் ஜமைக்கா பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் 'இஸ்ரேலைட்ஸ்' பிரிட்டன் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. மேற்கிந்தியத் தீவுகளை வேராகக் கொண்ட 'சிமாரிப்' குழு, 'ஸ்கின்ஹெட் மூன்ஸ்டாம்ப்' என்று இந்தப் பையன்களுக்காகவே ஒரு பாட்டுப் போட்டது. இந்த இசையை பிரிட்டன் முழுக்கப் பரப்பிய நிறுவனங்களில் முக்கியமானது, 1968-ல் வேகமெடுத்த 'ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ்'. அதை நடத்தியவர் லீ கோப்தால். ஜமைக்காவில் பிறந்தவர், இந்திய வம்சாவளி!

அதாவது, ஸ்கின்ஹெட்கள் கொண்டாடிய இசையைப் பாடியவர்கள் கறுப்பினத்தவர்கள், விற்றவர் ஓர் இந்திய வம்சாவளிக்காரர்.

'ஆரம்பத்தில் நல்லவர்கள்'... பாதி உண்மை

இந்த இடத்தில் பலரும் ஒரு கதை சொல்வார்கள். 'ஆரம்பகால ஸ்கின்ஹெட்களிடம் இனவெறி இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்தார்கள்' என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், முழு உண்மை இல்லை.

1968 ஏப்ரலில் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக எனாக் பவல் எம்.பி பேசிய பேச்சு நாட்டையே கொதிக்கவைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 'பாக்கி பேஷிங்' என்ற கொடூரமான சொல் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது. தெற்காசியர் என்றாலே அடிப்பது என்பதுதான் அதன் பொருள். இந்தியரா, பாகிஸ்தானியரா, வங்காளியா என்று யாரும் கேட்கவில்லை. 1970 ஏப்ரலில், கிழக்கு லண்டனில் ஹோட்டல் சமையலறைத் தொழிலாளியான டோசிர் அலி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார்.

கறுப்பினப் பையன்கள் இவர்களோடு ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே மைதானத்தில் கால்பந்து பார்த்தார்கள். அவர்களின் பாட்டும் நடையும் 'கெத்து'. ஆசியர்கள் அப்படி இல்லை. மொழி வேறு, சாப்பாடு வேறு, உடை வேறு. நடன அரங்கத்தில் அவர்களைப் பார்க்க முடியாது. அடித்தால் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அதே காலத்தில் கிழக்கு லண்டனின் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. 'கரைந்துகொண்டிருந்த பழைய தெரு வாழ்க்கையை, உடையிலும் அடாவடியிலும் மீட்கப் பார்த்தார்கள் இந்தப் பையன்கள்' என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பையன்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அடி வாங்கியவர்களுக்கும் அந்தக் காரணத்துக்கும்தான் எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது அலை

1972-ஐத் தாண்டியதும் இந்த ஃபேஷன் ஓய்ந்தது. 1970-களின் இறுதியில் பங்க் இசையோடு மீண்டும் வந்தது. இந்த முறை தலை முழு மொட்டை. பூட்ஸ் இன்னும் உயரம். வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டே போய், 1982 தொடக்கத்தில் வேலை இல்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 'உன் வேலையைப் பறித்தவன் குடியேறிதான்' என்று சொல்லி, கால்பந்து மைதானங்களிலும் இசை அரங்கங்களிலும் ஆள் பிடித்தன நேஷனல் ஃப்ரன்ட், பிரிட்டிஷ் மூவ்மென்ட் போன்ற தீவிர வலதுசாரி அமைப்புகள். 'ஸ்க்ரூடிரைவர்' இசைக்குழு மேடையிலேயே வெள்ளை இனவெறியைப் பாடியது.

1978 மே 4. உள்ளாட்சித் தேர்தல் நாள். பிரிக் லேன் அருகே வேலை முடிந்து நடந்து சென்ற தையல் தொழிலாளி அல்தாப் அலியை மூன்று பதின்பருவத்தினர் வழிமறித்தார்கள். வொயிட்சேப்பலில், ஆட்லர் தெருவில் கத்தியால் குத்தப்பட்டு அவர் இறந்தார். பத்து நாள் கழித்து, சுமார் 7,000 பேர் அவரின் சவப்பெட்டிக்குப் பின்னால் பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவரை நடந்தார்கள். 'திருப்பி அடிக்க மாட்டார்கள்' என்ற நினைப்பு அன்றோடு முடிந்தது.

1981 ஜூலை 3 அன்று அது நெருப்பாகவே வெடித்தது. ஆசியர்கள் அதிகம் வாழும் சவுத்தாலில், ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற மதுக்கூடத்தில் 'ஆய்' வகை இசை நிகழ்ச்சி. பஸ்களில் ஸ்கின்ஹெட்கள் வந்து இறங்கினார்கள். கடைகள் தாக்கப்பட்டதும், அந்தப் பகுதி ஆசிய இளைஞர்கள் திரண்டார்கள். இரவு முடிவதற்குள் மதுக்கூடம் எரிந்து சாம்பலானது.

'இது எங்கள் உடை!'

எல்லா மொட்டைத் தலையும் அந்தப் பக்கம் சாயவில்லை. 1979-ல் கோவென்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் 'டூ டோன் ரெக்கார்ட்ஸ்' தொடங்கினார். அவரின் 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஸ்கா வாசித்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்களே அந்த நிறுவனத்தின் அடையாளம். 1987-ல் நியூயார்க்கில், இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்கள் 'ஷார்ப்' என்ற இயக்கத்தைத் தொடங்க, கார்டிஃப் நகரின் 'தி அப்ரெஸ்டு' குழுவைச் சேர்ந்த ரோடி மொரேனோ அதை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்.

எதிர் முகாமிலும் ஒரு திருப்பம் நடந்தது. பிரிட்டிஷ் மூவ்மென்ட்டின் முரட்டு முகமாக அறியப்பட்ட நிக்கி கிரேன், 1992-ல் தொலைக்காட்சியில் தோன்றி, தான் ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் என்று அறிவித்து, பழைய கொள்கையையும் கைகழுவினார். அடுத்த ஆண்டே எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். அவர் அத்தனை ஆண்டுகள் சேர்ந்து நின்ற கூட்டம், அவரைப் போன்றவர்களை வெறுத்த கூட்டம்!

2006-ல் ஷேன் மெடோஸ் இயக்கிய 'திஸ் இஸ் இங்கிலாந்து' படம், அப்பாவைப் போரில் இழந்த ஒரு சிறுவன் 1983-ல் இந்தக் கூட்டத்துக்குள் போவதைக் காட்டியது. அவனுக்கு முதலில் கிடைப்பது அன்பு. வெறுப்பு பிறகுதான் வருகிறது. தனிமையில் இருக்கும் பிள்ளையை யார் முதலில் அரவணைக்கிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் அவனுக்கு வேதம். இது பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் புரியும்.

உடையைப் பிடுங்கும் வேலை இன்றும் நிற்கவில்லை. அமெரிக்காவின் 'ப்ரௌட் பாய்ஸ்' அமைப்பினர் சீருடைபோல அணிந்ததால், கறுப்பும் மஞ்சளும் கலந்த தன் போலோ சட்டையை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதையே நிறுத்திவிட்டதாக 2020-ல் அறிவித்தது 'ஃப்ரெட் பெர்ரி' நிறுவனம். அதுவும் ஸ்கின்ஹெட்கள் விரும்பி அணிந்த பிராண்டுதான்.

அல்தாப் அலி குத்தப்பட்ட இடத்தை ஒட்டியுள்ள பூங்காவுக்கு, 1998-ல் அவரின் பெயரே வைக்கப்பட்டது. அங்கிருந்து சில நிமிட நடை தூரத்தில் பிரிக் லேன். பழைய ஃபேஷன் கடைகளுக்குப் பேர்போன தெரு. டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸை இன்று அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் அணிந்துகொண்டு நடக்கிறார்கள். ஒருகாலத்தில் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டாலே, அவர்களின் தாத்தாக்களில் பலர் சாலையின் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள்.