கம்பளிக்குள் நுழையத் தெரியாத மேதை

திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கினார் என்று கே.ஜி.கண்டிகைப் பிள்ளைகளாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர் சென்றது கற்பிக்க. கற்கச் செல்கிறவர்கள் பாடு வேறு. பரீட்சைக்கும் பணத்திற்கும் வேண்டிய ஏற்பாடெல்லாம் வீட்டிலே நடக்கும். அந்நிய தேசத்தில் எப்படி உண்பது, எப்படி உறங்குவது என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இது சிறிய காரியந்தானே என்று எண்ணும் தோழியர் கணித மேதை இராமானுஜனின் கதையைக் கேட்க வேண்டும்.

அவர் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' என்னும் கப்பலேறினார். அதற்குமுன் குடுமியை எடுத்தாயிற்று. கோட்டும் பூட்சும் அணிந்தாயிற்று. ஆனால் படுக்கையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

கேம்பிரிட்ஜில் குளிர் தொடங்கியது. அங்கே மாணவராயிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ஒருநாள் பார்க்கப் போனபோது, இராமானுஜன் கணப்பருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, மேல்கோட்டோடு சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார். கம்பளி போதவில்லையோ என்று உள்ளே சென்று பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் நிறையவே இருந்தன! அந்நாட்டில் கம்பளியை விரித்து ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகிவிடுவார்கள். தலைமாட்டில் அதை விலக்கி, உறைக்குள் கடிதம் நுழைவதுபோல் நாம் உள்ளே நுழைய வேண்டும். பாயை விரித்துப் போர்வையை மேலே இழுத்துக்கொண்டு வளர்ந்தவருக்கு இது எப்படித் தெரியும்? மேலே கிடந்த மெல்லிய விரிப்பைப் போர்த்திக்கொண்டு அவர் கம்பளிகளுக்கு மேலேயே படுத்திருந்தார். மகலனோபிஸ் செய்து காட்டியதும் உள்ளம் நெகிழ்ந்துபோனார்.

உணவுதான் பெரிய துன்பம். சுத்த சைவரான அவர் கல்லூரிக் கூடத்தில் உண்ணாமல் அறையிலேயே தனியாகச் சமைத்தார். புளியும் தேங்காயெண்ணெயும் அனுப்பும்படி ஊருக்கு எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பதும் அரிதாயிற்று. ஒருமுறை விருந்துக்கு அழைத்திருந்த பெண்மணிகள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்றனர். இவர் எழுந்து வெளியே போனவர் திரும்பவில்லை. ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது! நாலு நாள் கழித்துத் திரும்பியவர், தாம் பரிமாறியதை ஏற்காதது மனத்தைப் புண்படுத்திவிட்டது என்றாராம். சிரிப்பு வருகிறது, ஆனால் தம் ஊர் ருசியைத் தாமே சமைத்துத் தாமே உண்டுவந்தவருக்கு அந்த விருந்து எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

1917-இல் நோயில் விழுந்தார். மறு ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். காசநோய் என்றே அப்போது கருதினர். பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒரு மருத்துவர், கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். நோய் எதுவானாலும், குளிரும் ஒழுங்கற்ற உணவும் அந்த உடம்பைத் தேற்றியிருக்க முடியாது.

நம்மைப் போன்ற பெண்ணொருத்தியும் கடல் கடந்தார். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் கற்றுக் கற்பித்த தாவர அறிஞர் ஜானகி அம்மாள், 1924-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். மகளிர் விடுதியில் பலரோடு கூடி வாழ்ந்தார். 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். தனியறையில் தனிச் சமையல் செய்தவருக்கு வாய்க்காத துணை இவருக்கு வாய்த்தது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்று கைப்பேசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தே ரசம் வைக்கலாம். ஆயினும் டிசம்பரில் இங்கிலாந்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது இங்கே இரவு ஒன்பதரை, அம்மா உறங்கப் போகும் நேரம்.

இக்கட்டுரையை வகுப்பில் படித்தபோது, எல்லைக்கு அப்பாலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த தோழி ஒருத்தி சிரிக்கவேயில்லை. "முதல் மார்கழியில் நான் பாவாடையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். எனக்குத் தெரிந்த சொல் துப்பட்டி. அப்படிக் கேட்டால் சிரிப்பீர்களோ என்று பயந்து கேட்கவேயில்லை" என்றாள். அவளுக்கு அடுத்த படுக்கைக்காரி எங்களில் ஒருத்திதான்.