ஆயுள் வேறு, நலமான ஆயுள் வேறு

மின்விளக்கு ஒன்று எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்கிடுவது எளிது. அதில் எத்தனை மணி நேரம் பிரகாசமாக எரிந்தது, எத்தனை மணி நேரம் மங்கி எரிந்தது என்றும் கேட்கலாம் அல்லவா? மனிதனின் ஆயுளைப் பற்றியும் இவ்விரு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதியோர் மிகுந்த ஜப்பானை எடுத்துக்கொள்வோம். அங்கு நூறு பேரில் ஏறத்தாழ 29 பேர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 2019ஆம் ஆண்டில் பெண்களின் சராசரி ஆயுட்காலம் 87.45 ஆண்டுகள். ஆனால் நோயோ தளர்ச்சியோ அன்றாட வேலைகளைத் தடுக்காத காலம் 75.38 ஆண்டுகளே. இதுவே 'நலமான ஆயுட்காலம்'. இடைவெளி 12 ஆண்டுகள்! ஆண்களுக்கு இது ஏறத்தாழ 9 ஆண்டுகள்.

இதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? "உடல்நலக் குறைவால் உங்கள் அன்றாட வேலைகளுக்கு இப்போது இடையூறு உண்டா?" என்று மக்களிடம் கேட்கிறார்கள். 75 வயதுள்ள நூறு பேரில் 20 பேர் 'ஆம்' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரும் ஓராண்டு வாழ்ந்தால் மொத்தம் 100 ஆண்டுகள். அவற்றில் 80 ஆண்டுகளை மட்டுமே கணக்கில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு வயதுக்கும் இப்படிக் கழித்துக் கூட்டினால் விடை கிடைக்கும். இது சல்லிவன் என்ற அமெரிக்கர் 1971இல் விளக்கிய முறை.

ஜப்பானில் 47 மாகாணங்கள் உள்ளன. 2019இல் பெண்களின் நலமான ஆயுட்காலம் மியே மாகாணத்தில் 77.58 ஆண்டுகள், நாட்டிலேயே மிக அதிகம். அதன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கியோட்டோவிலோ 73.68 ஆண்டுகள், நாட்டிலேயே மிகக் குறைவு. ஆயினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெண்களின் மொத்த ஆயுட்காலத்தில் கியோட்டோவுக்கு மூன்றாம் இடம்! நெடுநாள் வாழ்வதும் நலமாய் வாழ்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இடையூறு உண்டா இல்லையா என்பது அவரவர் சொல்லும் பதில். தராசில் நிறுத்த எடை அன்று. எனவே சிறு வேறுபாடுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது.

இத்தகைய வேறுபாடுகள் தலைவிதியா? இல்லை. நாகானோ என்னும் மலை மாகாணத்தைப் பாருங்கள். பனிக்காலத்திற்கென்று அங்கே கீரைகளை உப்பில் ஊறவைப்பார்கள். சோயாவை உப்பிட்டுப் புளிக்கவைத்த மிசோ விழுதில் சூப்பும் தினமும் உண்டு. உப்பு மிகுந்தால் உடல் நீரைத் தேக்கி வைக்கிறது. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது. குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே அங்கே பக்கவாதத்தால் பலர் மாண்டனர்.

சாகு என்ற ஊரின் மருத்துவர் வாகாட்சுகி தோஷிகாசுவின் குழுவினர், 1959 முதல் யாச்சிஹோ கிராமத்தினர் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்யத் தொடங்கினர். 1980களில் மாகாணம் முழுவதும் உப்புக் குறைப்பு இயக்கம் நடந்தது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று சூப்பில் உப்பின் அளவைச் சோதித்தனர். 1990இல் ஆண்களின் ஆயுட்காலத்தில் நாகானோ நாட்டிலேயே முதலிடம் பெற்றது. மலையும் பனியும் அப்படியே இருந்தன. மாறியது உணவும் கவனிப்பும்தான்.

இனி எந்த நாட்டின் ஆயுட்காலத்தைப் படித்தாலும், "அதில் நலமான ஆண்டுகள் எத்தனை? எந்தப் பகுதியில் எத்தனை?" என்று கேளுங்கள்.