பக்கவாதம்... பணக்கார வியாதியா?

"பி.பி.யா? அதெல்லாம் உட்கார்ந்து சாப்பிடறவங்களுக்கு வர்றதுங்க. ஓடியாடிப் பாடுபடற எங்களுக்கு எங்கிருந்துங்க வரும்?"

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை... தறிச் சத்தம் கேட்கிற எந்தத் தெருவிலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்லப்போனால், நாமும் உள்ளுக்குள் அப்படித்தானே நினைக்கிறோம்? நெய்யும் இனிப்புமாகச் சாப்பிட்டு, ஏ.சி. அறையில் படுக்கிறவருக்குத்தான் கை கால் விழும் என்று!

இந்த நினைப்பு பாதி சரி. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

20 நாடுகளில், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பல வருஷம் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' என்ற ஆய்வின் ஒரு பகுதி 2019-ல் வெளியானது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மாதிரி நாடுகளில் அவர்கள் கண்டது இது: நோயை வரவழைக்கும் காரணங்கள் அதிகம் படித்தவர்களிடம்தான் கூடுதல். ஆனால், மாரடைப்பும் பக்கவாதமும் வந்து தாக்கியது, குறைவாகப் படித்தவர்களை! அதுவும் இரண்டு மடங்குக்கு மேல். காரணம் குறைவு, அடி அதிகம். எப்படி?

வைத்தியம் போய்ச் சேராததுதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் இருப்பது, இல்லாதது அவ்வளவு சீராக வித்தியாசம் காட்டவில்லையாம். படிப்புதான் காட்டியிருக்கிறது. ஆகவே, பத்துத் தறி வைத்திருக்கிற முதலாளியும் "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒரே தெருவில் இரண்டு பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரிடையர் ஆன வாத்தியார். மாசம் பென்ஷன் வருகிறது, மகள் போனில் "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று விரட்டுகிறாள். இன்னொருவர், அறுபத்தைந்து வயதிலும் தறி ஓட்டுகிறவர். தறி ஓடினால்தான் கூலி. பி.பி. பார்க்க ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இருவருக்கும் 160 இருக்கிறது என்று வையுங்கள். வாத்தியாருக்கு அது சீட்டில் எழுதியிருக்கிறது. தறிக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வலிக்காதே!

தோட்டத்துக் குழாய் மாதிரி

வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கிய ரத்தக்குழாய், வெயிலில் கிடந்த தோட்டத்துக் குழாய் மாதிரிதான். ஒன்று உள்ளே அடைக்கும், இல்லை ஒருநாள் வெடிக்கும். மூளையில் அது நடந்தால் பக்கவாதம்.

மாத்திரை ஆரம்பித்தவர்களும் தப்பித்துவிடுவதில்லை. இரண்டு மாசம் போட்டு, அழுத்தம் இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று நிறுத்துகிறார்கள். மாத்திரையால்தானே இறங்கியது? நிறுத்தினால் மறுபடி ஏறும். (இதில் படித்த வீடுகளும் சளைத்தவை அல்ல. தட்டுவடை செட், ஊறுகாய், அப்பளம் என்று ஒரு நாள் உப்பைக் கணக்குப் போட்டால் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற 5 கிராம் எங்கேயோ நிற்கும்!)

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால், அவர் பகலில் வரும்போது வீட்டுக்காரர் தறிக்குப் போயிருந்தால் கதவில் பூட்டுத்தானே தொங்கும்? பேரை எழுதி வைத்து, மாத்திரையை வாங்கி வைக்கப் பக்கத்து வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கலாமே!

நாலரை மணி நேரம்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, தூக்கிய கை தானாக இறங்குகிறது, பேச்சு குழறுகிறது. மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்க்க வேண்டும். கசிவாக இருந்தால் அந்த ஊசியே ஆபத்து. அதனால், வீட்டில் இருக்கிற ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். சோடா, காபி எதுவும் வேண்டாம், புரையேறிவிடும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும், "தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்று ஒரு ராத்திரி, புறா ரத்தம் பூசி ஒரு பகல் என்று அந்த நாலரை மணி நேரம் கரைந்துவிடுகிறது. வந்து அஞ்சு நிமிஷத்தில் தானாகச் சரியானாலும் விடக்கூடாது. அடுத்து வரப்போகிற பெரிய அடிக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

கூலி வீட்டில் ஒருவர் படுத்தால் இரண்டு பேர் கூலி போகும். பார்த்துக்கொள்ள மருமகளோ மகளோ தறியை விட்டு வீட்டில் உட்கார வேண்டும். பேத்தியின் படிப்பும் நிற்கலாம்.

உங்கள் மாமனாருக்கு வாங்கிய பி.பி. மெஷின் அலமாரியில்தானே இருக்கிறது? நாளைக் காலை பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவை, வந்ததும் அஞ்சு நிமிஷம் நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். காபி அப்புறம் கொடுக்கலாம். கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து, ஒரு சீட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால், அந்தச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்... அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல்.