மாட்டுண்ணியும் வீட்டு மருந்தும்

சங்கத்தில் கடன் பெற்றுக் கறவைப் பசு வாங்கும் அங்கத்தினர், அதன் பல்லையும் மடியையும் சுழியையும் பார்ப்பதில் காட்டும் சிரத்தையை அதன் காதின் உட்புறத்தைப் பார்ப்பதில் காட்டுவதில்லை. உண்ணி இருப்பது அங்கேதான். காதுக்குள்ளும், அலைதாடியின் மடிப்பிலும், வாலடியிலும், தொடைக்கும் மடிக்கும் இடைப்பட்ட மெல்லிய தோலிலும் ஒட்டிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் அது தன் காரியத்தை நடத்துகிறது. முதலில் பால் கொஞ்சம் குறையும், கன்று மெலியும், மாடு சுவரிலும் கம்பத்திலும் உராய்ந்துகொண்டே நிற்கும். இவற்றையெல்லாம் தீனிக் குறைவென்று எண்ணிப் பிண்ணாக்கைக் கூட்டிப் போடுவோர் பலர். பிறகு ஒரு நாள் ஜுரம் வருகிறது. சில நாட்களில் மாடு போய்விடுகிறது. கடன் மட்டும் கணக்கில் நிற்கிறது.

திண்டுக்கல் பிரதேசத்தாருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நகரத்தில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருவதை யாவரும் அறிவர். உண்ணி கடித்த இடத்தில் தோலில் வடு விழுகிறது. பச்சைத் தோலில் அது தெரியாது. மயிர் நீக்கிப் பதனிட்ட பிறகே புள்ளி புள்ளியாய் வெளிப்படும். அத்தகைய தோல் தரம் இறங்கியே விலை போகும். மாடு உயிரோடிருக்கையில் பாலில் ஏற்பட்ட நஷ்டம், இறந்தபின் தோலிலும் தொடர்கிறது.

உண்ணி பேனன்று, பூச்சியினமுமன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவான ஜந்து. வளர்ந்தபின் எட்டுக் கால். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சாயிருக்கையில் மட்டும் ஆறு கால். இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி முன்னிருந்த எடையைப்போல் நூறு மடங்கிற்கும் மேலாகப் பெருத்து, ஆமணக்கு விதையைப்போல் பளபளவென்று தோன்றும். மேல்நாட்டாரும் இந்த ஒப்புமையைக் கண்டிருக்கின்றனர். ஆமணக்கின் சாஸ்திரப் பெயர் ரிசினஸ். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு உண்ணி என்றே பொருள்.

மாடுகளில் காணும் உண்ணிகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒரு வகை, குஞ்சாக ஏறிய மாட்டிலேயே மூன்று வார காலம் தங்கி வளர்ந்து, பெண் உண்ணி இரத்தம் நிறைந்ததும் தரையில் விழுகிறது. அங்கே மண்ணிடுக்கிலோ சருகினடியிலோ புகுந்து இரண்டாயிரம், மூவாயிரம் முட்டைகளை ஒரே குவியலாக இட்டுவிட்டு மடிகிறது. வெளிவரும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, முன்னங்காலை நீட்டிக்கொண்டு, மாடு உராயும் வரையில் காத்திருக்கின்றன. ஈரமும் நிழலும் இருக்குமாயின் மாதக்கணக்கில் இரையின்றி உயிர் வாழும். ஹையலோமா என்னும் மற்றொரு வகையோ தொழுவத்துக் கல் சுவரின் சந்துகளிலும், கட்டுத்தரையின் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து, இரை வேண்டும்பொழுது மாட்டின்மேல் ஏறும். பின் இறங்கித் தன் பொந்துக்கே திரும்பும்.

இதிலிருந்து விளங்கவேண்டிய விஷயம் ஒன்று. மாட்டின்மேல் கண்ணுக்குத் தெரியும் உண்ணி மொத்தத்தில் சிறு பங்கே. பெரும் பங்கு தரையிலும் சுவரிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருக்கிறது. ஆதலால் எவ்வளவு வீரியமுள்ள மருந்தாயினும், மாட்டிற்கு ஒரு முறை பூசி நிறுத்திவிட்டால் பத்து நாளில் பழைய நிலையே திரும்பும். மருந்து பலிக்கவில்லை என்று குடியானவர் கூறும் குறை பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே.

மருந்தில் முதலாவதாகச் சொல்லத்தக்கது வீட்டிலும் வேலியோரத்திலும் கிடைக்கும் சரக்குகளால் ஆவது. கிராமங்களில் வழங்கிவந்த கால்நடைக் கைமருந்துகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி முதலானோர் தஞ்சாவூரில் திரட்டி முறைப்படுத்தினர். தேசிய பால்வள வாரியம் அவற்றை ஏற்றுப் பால் கூட்டுறவு சங்கங்களின் வாயிலாகப் பல மாகாணங்களிலும் பரப்பியது. அவற்றுள் உண்ணிக்கான முறை வருமாறு: பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி இலை, உண்ணிச்செடியின் இலை ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. வசம்பைத் தட்டி இடித்துக்கொண்டு, யாவற்றையும் ஆட்டுக்கல்லில் நன்றாக அரைத்து, 1 லிட்டர் சுத்த ஜலத்தில் கரைத்துத் துணியில் வடிகட்டவேண்டும். வடித்த நீரைக் கைத்தெளிப்பானிலிட்டு மாட்டின் உடல் முழுவதும் தெளிக்கலாம். தெளிப்பான் இல்லாதவர் துணியை நனைத்துத் துடைக்கலாம். வெயில் நன்றாயிருக்கும் வேளையிலேயே செய்யவேண்டும். உண்ணி ஒழியும் வரை வாரம் ஒரு முறை திரும்பச் செய்யவேண்டும். தொழுவத்தின் சந்து பொந்துகளிலும் இதையே தெளித்தல் அவசியம்.

இச்சரக்குகளில் எதுவும் புதியதன்று. வசம்பு குழந்தை உள்ள வீடுகளிலெல்லாம் இருப்பது. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். வேம்பு இல்லாத தோட்டம் திண்டுக்கல் சமவெளியில் அபூர்வம். பழம் ஆனி, ஆடி மாதங்களில் உதிரும். மற்ற மாதங்களுக்கென்று கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்திருந்து இடித்துச் சேர்ப்பது உண்டு. வேம்பின் சத்து பூச்சி புழுக்களின் வளர்ச்சியைக் கெடுப்பது பரீட்சைகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் அச்சத்து வெயிலில் சில நாட்களில் சிதைந்துவிடும். வாரந்தோறும் தெளிக்கச் சொல்வதன் காரணம் இதுவே. உண்ணிச்செடியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, சிறுமலையிலும் பழனி மலைச் சாரலிலும் காடாய் மண்டிவிட்ட செடி. இதைப் பறிப்பதால் நஷ்டமடைவார் ஒருவருமில்லை. ஆயினும் மாடு இதைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். ஆகவே பறித்த தழையையும் அரைத்த சக்கையையும் தீனித் தொட்டியருகில் போடலாகாது. தெளித்த மாட்டை உடல் உலரும் வரையில் நக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நலம். கண்ணிலும் மூக்கிலும் படாமல் தெளிக்கவேண்டும். காலைக் கறவை முடிந்தபின் தெளித்து, மாலையில் மடியை நன்றாகக் கழுவிவிட்டுக் கறந்தால் பாலில் வாடை ஏறாது.

இயற்கையாய் விளைவதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இதைத் திண்டுக்கல்லாருக்கு விசேஷமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இது புகையிலைச் சீமை. 19-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வூர்ச் சுருட்டு கடல் கடந்து சென்றது. பின்னர் வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் புகையிலைக் காம்பும் தூளும் கிடைப்பதால், அதை ஊறவைத்து மாட்டின்மேல் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. உண்ணி சாகும் என்பது மெய். ஆனால் புகையிலையின் நஞ்சு தோலின் வழியாகவே உடலில் ஏறக்கூடியது. கன்றுக்குட்டியும் இளைத்த மாடும் தாங்காது. பூசுகிறவருக்கும் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும். சீதாப்பழ விதையை அரைத்துப் பூசுவோர், அதில் சிறு துளி கண்ணில் தெறித்தாலும் கருவிழி புண்ணாகும் என்பதை அறியவேண்டும். மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் தோலை வேகவைப்பவை. வேப்பிலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க இவற்றை நாடுவானேன்?

கடை மருந்துகளை அறவே தள்ளவேண்டுமென்பதில்லை. உண்ணி மிகுந்து மாடு சோர்ந்திருக்கையில் கால்நடை வைத்தியர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் அளவில் கலந்து உபயோகிப்பதே உசிதம். அளவைக் குறைத்துக் கலந்து சிக்கனம் செய்வதும், ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் தெளிப்பதும் கேடு தரும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் முதலிய மருந்துகளுக்குச் சாகாத உண்ணிகள் இந்தியாவின் பல பாகங்களில் பெருகியிருக்கின்றன. கறவை மாட்டிற்குப் போடும் சில மருந்துகள் பாலில் இறங்குவதும் உண்டு. எத்தனை நாள் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது என்பதை முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

மருந்தைப்போலவே பலன் தருவது அன்றாட வீட்டு வேலை. விடியலில் சாணியள்ளிக் கட்டுத்தரை கூட்டும் பெண்டிரே உண்ணியை முதலில் காண்பவர். மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறிவது வித்து விதைப்பதற்குச் சமானம். இரத்தம் நிறைந்த பெண் உண்ணி விழுந்த இடத்திலேயே முட்டையிடும். நகத்தால் நசுக்குவதும் தவறு. 2011-ஆம் ஆண்டு குஜராத்தில் மனிதர் உயிரைக் கொண்ட இரத்தப்போக்கு ஜுரம் ஹையலோமா உண்ணியால் பரவுவது. நசுக்கிய கையின் வழியாகவும் தொற்றக்கூடியது. பழைய தகரக் குவளையில் சிறிது மண்ணெண்ணெயை ஊற்றி வைத்துக்கொண்டு, உண்ணிகளைக் கையில் படாமல் பற்றி அதில் போட்டுவிடுவது சுலபமான வழி. சுவரின் சந்துகளை மண்ணும் சாணமும் குழைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். சாணிக் குப்பையும் பழைய வைக்கோலும் தொழுவத்தையொட்டிக் குவிந்திருக்கலாகாது. நாட்டுக்கோழி நாலைந்தைக் கட்டுத்தரையில் மேயவிட்டால் விழுந்த உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். மாட்டின் பின்னாலேயே நடக்கும் வெண்கொக்கிற்கு உண்ணிக்கொக்கு என்று முன்னோர் பெயரிட்டனர். அது அதிகமாய்த் தின்பது வெட்டுக்கிளியைத்தான். பெயரை நம்பி வேலையை அதனிடம் விட்டுவிட முடியாது.

ஒட்டன்சத்திரம் முதலிய மேற்குப் பகுதிகளில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகள் உடையவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. காட்டை இரண்டு மூன்று பாகமாக அடைத்து, ஒன்றில் மேய்க்கும்பொழுது மற்றதைச் சில மாதம் ஓய்வு விட்டால், புல்லில் காத்திருக்கும் குஞ்சுகள் இரையின்றி மடியும். கோடை வெயிலில் இது விரைவாகவும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் தாமதமாகவும் நடக்கும். பொது மேய்ச்சல் புறம்போக்கையே நம்பியவர்களுக்கு இது சாத்தியமில்லை. அங்கே ஒருவர் வாரந்தோறும் மருந்து தெளிப்பதும் மற்றவர் தெளியாமலிருப்பதும், ஒரே வாய்க்காலில் ஒருவர் தூர் வாரி மற்றவர் குப்பை கொட்டுவது போன்றதாகும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த காரியம் சான்று. அந்நாட்டின் தென்கோடியிலுள்ள டெக்ஸஸ் மாகாணத்து மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்றபொழுது, அவை சௌக்கியமாயிருக்க, அவை நடந்த வழியில் மேய்ந்த வடநாட்டு மாடுகள் ஜுரங்கண்டு மடிந்தன. உண்ணியே காரணமென்று மாட்டுக்காரர்கள் கூறியதைப் படித்தவர்கள் நம்பவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் மாடுகளைப் பிரித்துக் கட்டிப் பரீட்சித்து, மாட்டுக்காரர் கூறியதே சரியென்று 1893-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1906-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தார் தென் மாகாணங்களின் மாடுகளையெல்லாம் பாஷாணம் கலந்த தொட்டிகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முக்கியெடுக்கச் செய்தனர். சிலர் கோபங்கொண்டு தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இருந்தும் ஊர் ஊராக ஒரு மாடும் விடாமல் செய்ததனால், 1943-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் அந்த உண்ணி ஒழிந்தது. பாஷாணம் இங்கு வேண்டுவதில்லை. இங்கு வேண்டியது ஒரு மாடும் விடாமை.

காலையும் மாலையும் பால் ஊற்ற அங்கத்தினர் யாவரும் வந்து கூடும் சங்கத்தில் இவ்வேற்பாட்டைச் செய்வது கஷ்டமன்று. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று ஊரிலுள்ள எல்லா மாடுகளுக்கும், பால் வற்றியவற்றிற்கும் கிடாரிகளுக்கும் உழவு எருதுகளுக்கும்கூட, தெளிக்கவேண்டும். தெளிப்பான் ஒன்றிரண்டைச் சங்கமே வாங்கி வைக்கலாம். வசம்பையும் மஞ்சளையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். மாட்டில் மூன்று வாரம் வளர்ந்து, முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதமும் கொள்ளும் ஜந்துவாதலால், இரண்டு மாதத்திற்குக் குறைந்து நிறுத்துவதில் பயனில்லை.

ஜுரம் கண்டபின் மூலிகை நீரை நம்பி நாள் கடத்தலாகாது. உண்ணி இரத்தத்தில் செலுத்தும் நுண்கிருமிகளால் வரும் அந்நோயைப் பூச்சு மருந்து தொடாது. மாடு தீனி எடாமல் உடல் கொதிப்பதும், தோள்பட்டைக்கு முன்புறம் கழலை தடிப்பதும், கண்ணின் உட்புறம் வெளிறுவதும், மூத்திரம் காப்பி நிறமாக இறங்குவதும் அதன் குறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். முதல் ஓரிரு நாளில் ஊசி போட்டால் பிழைக்கும் மாடு, நான்காம் நாள் போட்டால் பிழைப்பது அரிது. கலப்பினப் பசுக்களை இந்நோய் கடுமையாகத் தாக்கும். காங்கேயம் முதலிய நாட்டு மாடுகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அவை நோயின்றியே கிருமியைச் சுமந்திருந்து, உண்ணியின் வழியாகப் பக்கத்துக் கொட்டிலிலுள்ள கலப்பினப் பசுவுக்குக் கொடுக்கவும் கூடும்.

சந்தையிலிருந்து புதிதாக ஓட்டிவரும் மாட்டை நேரே தொழுவத்தில் கட்டக் கூடாது. தனியே மரத்தடியில் கட்டி, காதையும் வாலடியையும் பார்த்து, மருந்து தெளித்து, அடுத்த வாரம் இன்னொரு முறையும் தெளித்த பிறகே மற்ற மாடுகளோடு சேர்க்கவேண்டும். அய்யலூர்ச் சந்தையில் வாங்கிவரும் ஆட்டிற்கும் இதே விதிதான். ஆட்டின் காதில் ஏறி வரும் உண்ணிக்கு அடுத்தாற்போல் கட்டியிருக்கும் பசுவும் இரையே.