வாராத வாடகைக்கு வரி

ஒருவர் தமக்குச் சொந்தமான வீட்டில் குடியிருக்கிறார். வாடகையென்று அவருக்கு ஒரு காசும் வருவதில்லை. ஆயினும் நகரசபை, அவ்வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பு இவ்வளவு என்று கணக்கிட்டு வரி கேட்கிறது. வாராத வாடகைக்கு வரியா என்று அவர் வினவினால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இம்முறை நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்நாட்டு நீதிபதிகள் கற்பனையாக ஒரு குடித்தனக்காரரைப் படைத்துக்கொண்டார்கள். வீடு காலியாக இருப்பதாகவும், அம்மனிதர் வந்து அதைச் சுற்றிப் பார்ப்பதாகவும் கொள்ள வேண்டும். நியாயமாக அவர் என்ன வாடகை தரச் சம்மதிப்பாரோ, அதுவே வீட்டின் மதிப்பு. உரிமையாளர் செல்வரா, வறியவரா என்பது இங்கே கேள்வியே அன்று.

1919-ஆம் ஆண்டின் சென்னை நகர முனிசிபல் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. மாதம் 1,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் கட்டடத்திற்கு உரிய பங்கு 9,000, மனைக்கு உரியது 3,000 என்று வைத்துக்கொண்டால், கட்டடப் பங்கில் நூற்றுக்குப் பத்து, அதாவது 900 ரூபாய், பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழியும். எஞ்சிய 11,100 ரூபாயே ஆண்டு மதிப்பு. வரி இதன்மேல் விழுந்தது.

ஆகவே, மேல்முறையீடு செய்பவர் தம் வருமானம் குறைவு என்று முறையிட்டுப் பயனில்லை. அது உண்மையான துன்பமாக இருக்கலாம், மதிப்பீட்டை அசைக்காது. அளவு தவறாகக் குறிக்கப்பட்டது, அதே தெருவில் இதனை ஒத்த வீட்டுக்குக் குறைந்த மதிப்பு இடப்பட்டது என்பன போன்றவையே அங்கே செல்லும். முதலில் மதிப்பிட்ட அதிகாரியிடம் ஆட்சேபம், பின்னர் மேல்முறையீட்டுக் குழு அல்லது நீதிமன்றம் என்பது பொதுவான வரிசை. கெடு கடந்தால் நல்ல வழக்கும் வீணாகும். பல சட்டங்களில், வழக்கு நடக்கும்போதே வரியைக் கட்டியாக வேண்டும்.

இத்தகைய வழக்கொன்று கல்கத்தாவிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் வாங்குவது குற்றமாயிருக்க, கற்பனைக் குடித்தனக்காரர் மட்டும் அதற்கு மேல் எவ்வாறு தருவார்? தரமாட்டார் என்று 1961-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979-இல் டில்லி வழக்கொன்றில் இன்னும் ஒரு படி சென்றது: நியாய வாடகை இன்னும் நிர்ணயிக்கப்படாத வீட்டுக்கும், உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கும் இவ்வரம்பு பொருந்தும் என்றது. வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நகரசபைகளுக்கோ, சந்தை வாடகை ஏற ஏற வரி வருவாய் பழைய இடத்திலேயே நின்றது. சட்டத்தின் தருக்கம் பிழையற்றதாயினும், சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் வேண்டுமே!

அதனால் பல நகரங்கள் வாடகையை விட்டுப் பரப்பளவைப் பற்றிக்கொண்டன. டில்லி 2004-இலும் பெங்களூர் 2008-இலும் இம்முறைக்கு மாறின. டில்லியில் குடியிருப்புப் பகுதிகள் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. கட்டடத்தின் பரப்பு, வயது, அமைப்பு, பயன் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பு கணிக்கப்படுகிறது. சென்னையிலும் 2023-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, 1919-ஆம் ஆண்டுச் சட்டம் விலகியது. பரப்பளவு முறையில் வழக்காடுபவர் வாடகைச் சீட்டைத் தேட வேண்டுவதில்லை. அளவுநாடாவை எடுத்து வீட்டை அளந்து, தம் தெரு எந்த வகுப்பில் சேர்க்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.