தண்ணீர் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி

மலையிலும் காட்டுப்பாதையிலும் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களில், வழி நெடுகிலும் உதவி நிலையங்கள் இருக்கும். தண்ணீர், பழம், உப்பிட்ட உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் தொண்டூழியர்கள் காத்திருப்பார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடைபெறும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தின் தூரம் 161 கிலோமீட்டர். அதை முடிக்க 30 மணி நேரம்வரை அவகாசம் உண்டு.

நீங்களும் ஒருநாள் இப்படிப்பட்ட நிலையத்தில் தொண்டூழியராக நிற்கலாம். ஒருவர் தலைவலி, குமட்டலுடன் தள்ளாடி வருகிறார். “நிறையத் தண்ணீர் குடிங்க!” என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால், அந்தத் தண்ணீரே அவருக்கு ஆபத்தாக முடியலாம். எப்படி?

நம் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்க வேண்டும். ஓடுபவர் தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தம் நீர்த்துப்போகும். வழக்கமாகச் சிறுநீரகம் மிகுதி நீரை வெளியேற்றிவிடும். நெடுநேர ஓட்டத்திலோ, நீரைத் தேக்கி வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று சுரந்துகொண்டே இருப்பதால் அந்த நீர் உடலிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்து நடப்பது சவ்வூடு பரவல். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறது அல்லவா? அதுபோல, நீர்த்த இரத்தத்திலிருந்து நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினாலும் சமாளிக்கும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று நிலைமை மோசமாகி, உயிரே போகலாம்.

இது அபூர்வமான பிரச்சினை அல்ல. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் மூவருக்கு அது 120 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தது. ஓடும்போது உடல் எடை கூடியவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதும் தெரியவந்தது.

“அப்படியானால் விளையாட்டுப் பானம் கொடுக்கலாமே?” என்கிறீர்களா? அதிலுள்ள சோடியம் இரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. அதையும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தம் நீர்த்துத்தான் போகும்.

இதற்காகத் தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் மறுக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் நீரிழப்பும் வெப்பத் தாக்கமும் ஆபத்தானவைதான். சிக்கல் என்னவென்றால், இவற்றின் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், குழப்பம் என ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே, முதலில் கேளுங்கள்: “தாகமாக இருக்கிறதா? இதுவரை எவ்வளவு குடித்தீர்கள்?” விரல்கள் வீங்கி, மோதிரமோ கைக்கடிகாரமோ இறுக்குகிறதா என்று பாருங்கள். பேச்சில் குழப்பம் தெரிந்தால் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். இரத்தச் சோதனை செய்து, தேவைப்பட்டால் அடர்த்தியான உப்புக் கரைசலை நரம்பு வழியே செலுத்துவது அவர்கள் வேலை. நேரத்தோடு அவர்களை அழைப்பது உங்கள் வேலை.