யோசிக்கும் இயந்திரம் – 9: விதி தெரியும், காரணம் தெரியாது

ரத்தத்தில் பாக்டீரியா கலந்துவிட்டால் ஆய்வக அறிக்கை முழுமையாக வரும்வரை காத்திருக்க முடியாது. எந்தக் கிருமி என்று உறுதியாவதற்கு முன்பே டாக்டர் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கியாக வேண்டும். அரைகுறைத் தடயங்களை வைத்து முடிவெடுக்கும் இந்தத் திறமையைக் கணினிக்குக் கற்றுத்தர 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு முயற்சி நடந்தது. எட்வர்ட் ஷார்ட்லிஃப், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோரின் உழைப்பில் பிறந்த அந்த நிரலின் பெயர் மைசின்.

நிபுணர்களின் அனுபவத்தை ‘இப்படி இருந்தால் இது’ என்ற விதிகளாக எழுதினார்கள். கிருமி கிராம்-நெகட்டிவ், கோல் வடிவம், ஆக்சிஜன் இல்லாமல் வளர்வது என்றால், அது பாக்டீராய்ட்ஸாக இருக்கலாம், நம்பிக்கை 0.6. முழு உறுதிக்கு +1, முழு மறுப்புக்கு -1. இப்படிச் சுமார் 600 விதிகள் சேர்ந்தன. மைசின் ஒரு முடிவை முன்வைத்துக்கொண்டு பின்னோக்கி நகரும். அதை நிறுவத் தேவையானதை மட்டும் டாக்டரிடம் கேட்கும். ‘ஏன் கேட்கிறாய்?’ என்று டாக்டர் திருப்பிக் கேட்டால், தான் சோதித்துக்கொண்டிருக்கும் விதியை எடுத்துக் காட்டும். தன் முடிவுக்குக் கணக்குச் சொல்லும் இயந்திரம்! அதன் ஆகப் பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான்.

1979-இல் வெளியான ஆய்வில், 10 மெனின்ஜைடிஸ் (மூளை உறை அழற்சி) நோயாளிகளுக்கு மைசினும் டாக்டர்களும் தந்த சிகிச்சைப் பரிந்துரைகளை வெளி நிபுணர்கள் 8 பேர் மதிப்பிட்டார்கள். எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. மைசினின் பரிந்துரைகள் 65 சதவீதம் ஏற்கப்பட்டன. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 சதவீதம் வரை. ஆனாலும் மருத்துவமனைகளின் அன்றாடச் சிகிச்சைக்கு மைசின் வரவேயில்லை.

இதே விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த முனைந்தார் வில்லியம் கிளான்சி. அப்போதுதான் ஓட்டை தெரிந்தது. ‘8 வயதுக்குக் கீழ் டெட்ராசைக்ளின் கூடாது’ என்கிறது ஒரு விதி. வளரும் பற்களில் அந்த மருந்து படிந்து நிறத்தைக் கெடுக்கும் என்பது காரணம். அந்தக் காரணம் மைசினுக்குள் எங்குமே இல்லை. காரணம் அறிந்த டாக்டருக்கோ, உயிர் காக்க வேறு மருந்தே இல்லாத நிலையில் அந்த விதியை மீறவும் தெரியும்.

இன்னொரு விதியில், ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்று பார்ப்பதற்கு முன் ‘வயது 17-க்கு மேலா?’ என்ற நிபந்தனை நிற்கிறது. குழந்தையிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்ற உலக அறிவு, வரிகளின் வரிசைக்குள் மறைந்துகிடந்தது. எழுதியவருக்கு அது தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. கிளான்சி 1983-இல் இதை விரிவாக எழுதினார்.

முடிவை மட்டும் சேமித்தால் அது அறிவாகிவிடாது. அந்த முடிவைத் தாங்கும் காரணமும் கூடவே எழுதப்பட வேண்டும். நம் உடம்பையும் கடனையும் வேலையையும் பற்றித் தீர்ப்புச் சொல்லவரும் எந்த இயந்திரத்திடமும் ‘ஏன்?’ என்று கேட்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ‘இந்த விதிப்படி’ என்ற பதிலோடு திருப்தி அடையவும் கூடாது.

சரி, குழந்தை குடிக்காது என்பது போன்ற சாதாரண விஷயங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதிவைக்க முடியுமா? முடியும் என்று நம்பி 1984-இல் களமிறங்கினார் டக்ளஸ் லெனட். அவருடைய ‘சைக்’ திட்டத்தைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)